சொன்னால் திட்டமாட்டியே, அம்மா?

"என் பிள்ளை என்னிடம் எதையும் மறைக்கமாட்டான்" என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். 2016-ம் வருஷம் மார்ச் மாதத்து ராத்திரி ஒன்று அந்தக் கர்வத்தை அடக்கிவிட்டது.

எங்களுக்குச் சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். இவருக்குச் சிங்கப்பூரில் வேலை என்பதால் கல்யாணமான மறு வருஷமே இங்கே வந்துவிட்டோம். மூத்தவனுக்கு அப்போது பதினாலு வயது. பள்ளியில் ரக்பி விளையாட்டில் சேர்ந்திருந்தான். அந்த விளையாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், எத்தனை சோப்புப் போட்டாலும் சட்டையில் சேறு போகாது என்பதுதான்!

அன்றைக்கு ஆட்டம் முடிந்து வந்தவன், சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டான். "வெயில்லே ஆடினது, தலைவலிம்மா" என்றான். மோர் கரைத்துக் கொடுத்தேன். ராத்திரி பத்து மணிக்கு வாந்தி. அரை மணியில் இன்னொரு தரம். விளக்கைப் போட்டால் கண்ணைப் பொத்திக்கொள்கிறான். "மத்தியானம் என்ன தம்பி சாப்பிட்டே?" என்று கேட்டால், யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, "ஞாபகம் இல்லேம்மா" என்றான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வியே தலையில் அடிபட்டதா என்றுதான். பையன் என்னைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், பிறகுதான் தலையை ஆட்டினான். எதிரணிப் பையனின் முழங்கால் பட்டதாம். கண் இருட்டிக்கொண்டு வந்ததாம். யாரும் கவனிக்கவில்லை, இவனும் சொல்லவில்லை. எழுந்து மறுபடி ஓடியிருக்கிறான்! "சொன்னா டீம்லேருந்து எடுத்துடுவாங்க" என்று டாக்டரிடம் காரணம் சொன்னான்.

நல்லவேளை, மூளையில் ரத்தக் கசிவு எதுவும் இல்லை. 'கன்கஷன்' என்றார் டாக்டர். மண்டை உடையாமலே உள்ளே மூளை குலுங்கிப் போகுமாம். படுத்து ஓய்வெடுக்க வேண்டும், மெல்ல மெல்லத்தான் பழைய நிலைக்கு வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம், அவனுடைய பூட்ஸை ஒரு பையில் போட்டு அலமாரியின் மேல் தட்டில் ஏற்றியதுதான். "இனிமே ரக்பிங்கற பேச்சே இந்த வீட்டில் கிடையாது" என்றேன். சண்டை போடுவான், அழுவான் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் இல்லை. பேச்சை நிறுத்திவிட்டான், அவ்வளவுதான். கேட்டதற்கு ஒரு வார்த்தை பதில். சோறு வைத்தால் சாப்பிடுவான், தட்டைக் கழுவி வைப்பான், அறைக்குப் போய்விடுவான். ஒரு மாசத்துக்கு மேல் இப்படியே ஓடியது. பிள்ளை கத்தினால் தாங்கலாம், சகோதரிகளே; வாயை மூடிக்கொண்டால் தாங்க முடியாது.

ஏப்ரலில் ஒருநாள் இவர் நாலு டிக்கெட்டோடு வந்தார். காலாங்கில் உள்ள தேசிய ஸ்டேடியத்தில் 'சிங்கப்பூர் செவன்ஸ்' என்று ஏழு பேர் ஆடும் ரக்பிப் போட்டி. பதினாறு நாட்டு அணிகள், இரண்டு நாள். "எதுக்கு இப்போ வெந்த புண்ணிலே வேல்?" என்று எரிந்து விழுந்தேன். "நீயும் ஒரு தரம் பாரு. பார்க்காமலேயே வேண்டாம்னு சொல்றியே" என்றார். சரி, பெரிய ஆட்டக்காரர்களே அடிபட்டு விழுவதைப் பார்த்தால் இவனுக்கே பயம் வரும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். புளிசாதத்தை வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு உள்ளே போனோம்.

அம்மாடி, அந்தக் கூட்டம்! குல்லாயும் கொடியும் வேஷமுமாகத் திருவிழா மாதிரி இருந்தது. நான் முழித்ததைப் பார்த்து, ஒரு மாசத்தில் முதல் தடவையாகப் பையன் தானாக வாயைத் திறந்தான். "நம்ம சடுகுடு மாதிரி நினைச்சுக்கோம்மா. அதிலும் ஏழு பேர், இதிலும் ஏழு பேர். பந்தைக் கையிலே எடுத்துக்கிட்டு எதிர்க்கோட்டைத் தாண்டி தரையிலே வெச்சா அஞ்சு பாயிண்ட். அதுக்கப்புறம் உதைச்சுக் கம்பத்துக்கு நடுவிலே அனுப்பினா இன்னும் ரெண்டு."

பந்து உரிக்காத தேங்காய் வடிவம். அதைக் கையால் முன்னால் எறியக்கூடாதாம். பக்கத்திலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும். முன்னேற வேண்டுமானால் பின்னால் வருகிறவனை நம்பித்தான் ஆகவேண்டும். பதினைந்து பேர் ஆடுகிற அதே பெரிய மைதானத்தில் ஏழே பேர் ஓட வேண்டியிருப்பதால், ஏழு நிமிஷம், சின்ன இடைவேளை, மறுபடி ஏழு நிமிஷம், அத்தோடு ஆட்டம் முடிந்துவிடும். நம் குக்கரில் பருப்பு வேகிற நேரம்தான்! 1883-ல் ஸ்காட்லாந்தில் மெல்ரோஸ் என்ற ஊரில் நெட் ஹெய்க் என்ற கசாப்புக் கடைக்காரர், தங்கள் கிளப்புக்குப் பணம் சேர்க்க இந்தக் குட்டி ஆட்டத்தை ஆரம்பித்தாராம். அதைப் பையன் சொல்லச் சொல்ல எனக்கு ஆட்டத்தைவிட அவன் முகத்தைப் பார்க்கத்தான் பிடித்திருந்தது.

இறுதி ஆட்டத்துக்கு வந்தவை கென்யாவும் ஃபிஜியும். ஃபிஜி என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அங்கே கரும்புத் தோட்டங்களில் நம் பெண்கள் பட்ட பாட்டைப் பாரதியார் பாடியிருப்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதானே? 1879 முதல் 1916 வரை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் போனார்கள். 1903-லிருந்து சென்னை வழியாகத் தென்னாட்டவரும் போனார்கள். அவர்களுடைய சந்ததியார் இன்றும் அங்கே இருக்கிறார்கள். அது மட்டுமில்லை, அந்த 2016 பிப்ரவரியில்தான் வின்ஸ்டன் என்ற புயல் ஃபிஜியைப் புரட்டிப் போட்டிருந்தது. நாற்பத்து நாலு உயிர்கள் போயின. ஊரில் கூரை பறந்து இரண்டு மாசம்கூட ஆகவில்லை, இந்தப் பிள்ளைகள் இங்கே வந்து ஆடுகிறார்கள்! அவர்கள்தான் அப்போது உலகத் தொடரின் சாம்பியன்கள். நான் ஃபிஜி கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

ஆனால் அன்றைக்குக் கென்யாவின் நாள். அதற்கு முன் 2009-லும் 2013-லும் இறுதி ஆட்டம் வரை வந்து தோற்ற அணி அது. காலின்ஸ் இன்ஜேரா என்ற கெட்டிக்காரர் அதில் ஆடினார். 30-க்கு 7 என்று ஃபிஜியை அடித்துச் சாய்த்து, உலகத் தொடரில் முதல் கோப்பையை வாங்கிவிட்டார்கள். கென்யாக்காரர்கள் அழுதார்கள், ஆடினார்கள். தோற்றவர்கள் வந்து அவர்களைக் கட்டிக்கொண்டார்கள்.

நான் சொல்லவந்தது அதற்கு முன்னால் நடந்த ஒரு சின்னச் சம்பவம். வேறொரு ஆட்டத்தில் ஒருவர் தலை மோதி விழுந்தார். ஆட்டம் ஒருபுறம் ஓடிக்கொண்டிருக்கும்போதே டாக்டர் மைதானத்துக்குள் ஓடிவந்து, குனிந்து ஏதோ கேட்டார். அந்த ஆள் எழுந்து, "ஒன்றுமில்லை" என்கிற மாதிரி கையை ஆட்டினார். டாக்டர் விடவில்லை. தோளில் கை போட்டு வெளியே அழைத்துக்கொண்டு போய்விட்டார். யாரும் கேலி செய்யவில்லை. சக ஆட்டக்காரர் ஒருவர் அவர் முதுகில் தட்டி அனுப்பினார்.

சமயம் பார்த்துப் பையனை இடித்தேன். "பாத்தியா தம்பி? எவ்வளவு பெரிய ஆட்டக்காரர், அவரே வெளியே போறார். நீ மட்டும் மறைச்சியே!"

அவன் மைதானத்தையே பார்த்துக்கொண்டு சொன்னான். "அவர் வெளியே போனா அடுத்த மாசம் திரும்ப வந்து ஆடலாம்மா. நான் சொல்லியிருந்தா நீ பூட்ஸைத் தூக்கி மேலே வெச்சிருப்பே. அதான் சொல்லலே. கடைசியிலே அப்படித்தானே செஞ்சே?"

எனக்குப் பதில் வரவில்லை. அவ்வளவு சத்தத்திலும் அந்த வார்த்தை மட்டும் காதில் நின்றது. டீமிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று டாக்டரிடம் சொன்னது பாதி உண்மைதான். மீதிப் பாதி நான்! சின்ன வயசில் முழங்காலில் சிராய்த்தாலும் "யாரு உன்னை ஓடச் சொன்னது?" என்று முதலில் திட்டிவிட்டுத்தானே மருந்து போட்டேன்? அடியைச் சொன்னால் திட்டு என்று படிப்படியாகப் பழக்கி வைத்தது நான்தான். அந்த ராத்திரி அவன் வாந்தி எடுக்காமல் தூங்கியிருந்தால், மறுவாரம் போய் இன்னொரு இடி வாங்கியிருந்தால்? நினைத்தால் இன்றைக்கும் உடம்பு நடுங்குகிறது.

வீட்டுக்கு வந்து இவரிடம் பேசினேன். மறுநாள் பூட்ஸை இறக்கினேன். "டாக்டர் சரின்னு சொன்னப்புறம்தான் ஆட்டம். பல்லுக்கு உறை போட்டுக்கணும். தலையிலே சின்ன இடின்னாலும் அங்கேயே சொல்லணும், வீட்டிலும் சொல்லணும். நீ சொன்னா நான் திட்டமாட்டேன், இது என் பங்கு" என்றேன். பள்ளிக்கும் போய்ப் பயிற்சியாளரிடம் பணிவாக, ஆனால் தெளிவாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக்ஸ். ஏழு பேர் ரக்பி முதல் தடவையாக அதில் சேர்ந்த வருஷம். இங்கே விடிகாலை ஆறு மணி. ஒரு கண் தோசைக்கல்லில், ஒரு கண் டி.வி.யில். காலாங்கில் தோற்ற அதே ஃபிஜி, ஒசேயா கொலினிசாவ் தலைமையில் பிரிட்டனை 43-க்கு 7 என்று வென்றது! 1956-லிருந்து ஒலிம்பிக்ஸுக்குப் போய்வந்த அந்தத் தீவுக்குக் கிடைத்த முதல் பதக்கமே தங்கம். பிரிட்டிஷ் இளவரசி ஆன் பதக்கம் போடும்போது அந்த மலை போன்ற ஆண்கள் ஒவ்வொருவராக மண்டியிட்டு மெல்லக் கைதட்டி வாங்கிக்கொண்டார்கள். பெரியவர்களுக்கு அவர்கள் செய்யும் மரியாதை. எனக்குக் கண் நிறைந்து, தோசை ஒன்று கரிந்துபோயிற்று. மறு வருஷம் ஃபிஜி அரசாங்கம் அந்த வெற்றிக்காக ஏழு டாலர் நோட்டு ஒன்றே அச்சடித்தது.

2021-ல் டோக்கியோவில் ஜெரி துவாய் தலைமையில் நியூஸிலாந்தை வென்று மறுபடியும் தங்கம். அவர்கள் நாட்டுப் பெண்களும் வெண்கலம் வாங்கினார்கள். 2024-ல் பாரிஸில் பிரான்ஸிடம் 28-க்கு 7 என்று தோற்றபோதுதான் ஒலிம்பிக்ஸில் ஃபிஜி ஆண்களுக்கு முதல் தோல்வி. அதே பாரிஸில் அமெரிக்கப் பெண் அலெக்ஸ் செட்ரிக் கடைசி விநாடிகளில் மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடி, ஆஸ்திரேலியாவிடமிருந்து வெண்கலத்தைப் பறித்ததைப் பார்த்துவிட்டு, ஊரிலிருந்து என் தங்கை போன் செய்தாள். "அக்கா, என் பொண்ணு இதைக் கத்துக்கணுமாம், என்ன பண்றது?" என்றாள். "விடு, ஆடட்டும். ஆனா அவ எதைச் சொன்னாலும் நீ முதல்லே கேட்டுக்கோ" என்றேன்.

விளையாடுகிற பிள்ளைகள் உள்ள தாய்மார்களுக்கு நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். தலையில் அடிபட்டால் மயங்கி விழுந்தால்தான் ஆபத்து என்பதில்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், வெளிச்சம் கூசுவது, மறதி, காரணமில்லாத எரிச்சல், சொன்னதையே திருப்பிச் சொல்வது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் போதும், டாக்டரிடம் காட்டுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, கைகால் சோர்வு, காதிலோ மூக்கிலோ ரத்தமோ நீரோ வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். குறைந்தது மூன்று வாரமாவது கழித்து, டாக்டர் அனுமதியோடுதான் மறுபடி போட்டி. பல் உறை பல்லைத்தான் காக்கும், தலைக் குல்லாய் காதைத்தான் காக்கும். மூளை குலுங்குவதை இரண்டும் தடுக்காது.

என் மகன் இப்போது வேலைக்குப் போகிறான். பதினைந்து வயதில் ஒரு நாள், ஆட்டம் பாதியிருக்கும்போதே ஓரக்கோட்டில் நின்ற என்னிடம் நடந்து வந்தான். முகம் வெளுத்திருந்தது. "அம்மா, தலையிலே இடிச்சுடுச்சு. நானே சார்கிட்டே சொல்லிட்டு வந்துட்டேன். திட்டமாட்டியே?" என்றான்.

அந்த ஆட்டத்தில் அவர்கள் அணி தோற்றுப் போனது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவன் கையில் கொடுத்துவிட்டு, டாக்ஸி பிடிக்கப் போனேன்.