அந்த 17 பாட்டும் ஒரு மலை உச்சியும்

முதல்லயே சரண்டர் ஆகிடறேன் பாஸ்... நான் ராக் வெறியன் எல்லாம் கிடையாது. 'குயின்' குழுவின் பாட்டுகளில் எனக்குத் தெரிந்தது மொத்தமே 17. 1981-ல் வந்த அவர்களுடைய 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' ஆல்பத்தில் இருக்கிற அதே 17! "நீயெல்லாம் பந்தியில பாயசம் மட்டும் குடிச்சிட்டு எழுந்திரிக்கிற கேஸுடா" என்று ரூம்மேட் ஓட்டுவான். ஓட்டட்டும். பிரிட்டனில் 2022-லேயே விற்பனைக் கணக்கில் 70 லட்சத்தைத் தொட்ட முதல் ஆல்பம் அது. பாயசப் பார்ட்டிகள் அங்கேயும் ஜாஸ்தி போல!

புனேயில் ஒரு சிம்போசியம். பேப்பர் பிரசன்ட் பண்ணினோம், வழக்கம்போல பரிசு இல்லை. மறுநாள் ஸ்வார்கேட்டில் பஞ்ச்கனி பஸ்ஸைப் பிடித்தோம். சுமார் 100 கிலோ மீட்டர். 'வாய்' என்று ஒரு ஊர் (நிஜமாவே அதான் பேர்!). அதைத் தாண்டினதும் பசர்ணி காட் மலைப்பாதை ஆரம்பம். வயிற்றைப் பிடித்துக்கொண்டே ஏறினோம்.

பஞ்ச்கனி ஏன்? ஃப்ரெடி மெர்க்குரி படித்தது அங்கேதான். 1946-ல் ஜான்சிபாரில் பிறந்த பார்சி பையன். அப்போ பெயர் ஃபரூக் புல்சாரா. எட்டு வயசில் கப்பலேற்றி, இங்கே செயின்ட் பீட்டர்ஸ் ஸ்கூல் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டார்கள். 'தி ஹெக்டிக்ஸ்' என்று பசங்களாகச் சேர்ந்து பேண்ட் ஆரம்பித்ததும் இங்கேதான். ஐயா அதில் பியானோ. ஸ்கூலை வெளியே ரோட்டிலிருந்தே பார்த்துவிட்டு நடையைக் கட்டினோம்.

அடுத்து பார்சி பாயிண்ட். கீழே கிருஷ்ணா பள்ளத்தாக்கு, தோம் அணைத் தண்ணீர், செம காற்று. ரூம்மேட் ஸ்ட்ராபெரி வாங்கப் போய்விட்டான். இயர்போனை மாட்டினேன். ஆல்பத்தின் முதல் பாட்டு, 'பொஹீமியன் ராப்சடி'. கிட்டத்தட்ட ஆறு நிமிஷம். ஒரு பையன் தான் செய்த கொலையை அம்மாவிடம் ஒப்புக்கொள்கிற பாட்டு. இதுக்கு என்ன அர்த்தம் என்று 1991-ல் இறக்கும்வரை ஃப்ரெடி தெளிவாகச் சொல்லவே இல்லை. அதனால் நானும் எதையும் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனா, எட்டு வயசு, ஹாஸ்டல், கடலுக்கு அந்தப் பக்கம் அம்மா... இதெல்லாம் அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. வீட்டிலிருந்து நாலு மணி நேர பஸ் தூரத்தில் இருந்துகொண்டே, முதல் வாரம் பாத்ரூமில் அழுதவன் நான்.

இன்னொரு மேட்டரும் இருக்கு. ரிசல்ட் வந்து 12 நாள் ஆச்சு. கணக்குப் பேப்பரில் அவுட். வீட்டில் மூச்சு விடவில்லை.

பாட்டை பாதியில் நிறுத்திவிட்டு போன் போட்டேன்.

"அம்மா... ஒரு அரியர்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"என்னடா இப்படிக் காத்தடிக்குது? எங்கே நிக்கிறே?"

"மலை மேல, பஞ்ச்கனியில..."

"மொதல்ல அந்த ஓரத்துலேர்ந்து உள்ளே வாடா. அப்புறம் பேசலாம்."

வந்தேன். பேச்சு முக்கால் மணி நேரம் போச்சு. மிச்சம் 16 பாட்டை இறங்கும்போது பஸ்ஸில் கேட்டேன்.