சிவப்புக் குதிரைக்கு வயது 60

அமெரிக்கா போகிறவர்கள் பார்த்தே ஆகவேண்டிய இடங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. நயாகரா, சுதந்திர தேவி சிலை, பிட்ஸ்பர்க் பெருமாள் கோயில். இந்த மூன்றின் முன்னாலும் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளாமல் ஊர் திரும்பினால், நீங்கள் அமெரிக்கா போனதையே சொந்தக்காரர்கள் நம்பமாட்டார்கள்.

பட்டியலில் இல்லாத ஓர் ஊரைச் சொல்கிறேன். பெயர் அரெண்ட்ஸ்வில். பென்சில்வேனியா மாநிலம், ஆடம்ஸ் கவுன்ட்டி. ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே வீடுகளைத் தூவினாற்போல ஒரு சின்ன ஊர். ஊருக்கு வெளியே சவுத் மவுன்ட்டன் பொருட்காட்சி மைதானம். அக்டோபரில் அங்கே ஆப்பிள் திருவிழா. ஜூன் மாதத்திலோ கிழட்டு டிராக்டர்களின் திருவிழா!

டிராக்டர் என்றதும் டிரெய்லர் நிறைய கரும்பு ஏற்றிக்கொண்டு ஹைவேயில் வழிவிடாமல் போகிற சமாசாரத்தை நினைத்துவிடாதீர்கள். இது குட்டி. நம் இடுப்பு உயரம் இருந்தால் அதிகம். பெயர் கார்டன் டிராக்டர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்கர்கள் நகரத்தை விட்டுப் புறநகரில் வீடு கட்டிக் குடியேறினார்கள். வீட்டைச் சுற்றிப் புல்வெளி. புல் வளர்ந்தால் வெட்டவேண்டும், பனி கொட்டினால் தள்ளவேண்டும், கொல்லையில் நாலு தக்காளி போட உழவேண்டும். ஆள் வைத்தால் சம்பளம் கட்டுப்படியாகாது. பெரிய டிராக்டரைக் கொண்டுவந்தால் வீட்டையே இடித்துவிடும். இரண்டுக்கும் நடுவில் பிறந்ததுதான் இந்தக் குட்டி.

1946-ல் இண்டியானா மாநிலம் சவுத் பெண்ட் நகரில், பாண்ட் என்கிற குடும்பத்தின் அப்பாவும் பிள்ளையும் சின்ன அளவில் இதைச் செய்ய ஆரம்பித்தார்கள். வண்டிக்கு வைத்த பெயர் 'வீல் ஹார்ஸ்'. கோச்சு வண்டியில் பூட்டுகிற குதிரைகளில் சக்கரத்துக்கு மிக அருகில் நின்று பாரத்தைத் தாங்குகிற குதிரைக்கு அந்தப் பெயர். சிவப்பு வர்ணம். போட்டிக்கு இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி மஞ்சளும் வெள்ளையுமாக 'கப் கேடட்' என்று ஒன்றை இறக்கியது. ஜான் டியர் 1963-ல் பச்சையில் வந்தது. 1969-ல் அவர்களுக்கு ஒரு விபரீத யோசனை. வீட்டு அம்மாவின் ரசனைக்கு ஏற்ப, வெள்ளை உடம்பில் எஞ்சின் மூடியும் சீட்டும் மட்டும் ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நாலு நிறத்தில் விற்றார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் நிறுத்திவிட்டார்கள். பச்சையை விட்டு இறங்கமாட்டேன் என்று ஜனங்கள் அடம்! அன்று விலைபோகாத அந்தக் கலர் வண்டிகளுக்குத்தான் இன்று சேகரிப்பாளர்களிடம் ஏக கிராக்கி.

வீல் ஹார்ஸை 1986-ல் டோரோ கம்பெனி வாங்கியது. 2007-க்குப் பிறகு அந்தப் பெயரில் வண்டி வரவில்லை. கம்பெனி போய்விட்டது, வண்டிகள் போகவில்லை. வருஷா வருஷம் அரெண்ட்ஸ்வில்லுக்கு வந்துவிடுகின்றன.

*

2024 ஜூனில் நான் அங்கே போனதற்குக் காரணம் என் கல்லூரி நண்பன். பி.காம். முடித்ததும் நான் பேனாவைப் பிடித்தேன், அவன் கம்ப்யூட்டரைப் பிடித்தான். ஹாரிஸ்பர்க் பக்கத்தில் வீடு, மனைவி, ஒரு பெண் குழந்தை. அந்த ஜனவரியில் வேலை போய்விட்டது. பதினோரு வருஷ வேலை, பதினைந்து நிமிஷ வீடியோ கால். கிரீன் கார்டு இருந்ததால் மூட்டை கட்டவேண்டிய அவசியமில்லை. காலையில் எழுந்து அப்ளிகேஷன் போடுவான். பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி. 84 வயது. கணவர் இறந்து பதினோரு வருஷம். அவர் ஓட்டின வீல் ஹார்ஸ் பின்பக்கக் கொட்டகையில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. மாடல் நம்பர் 854. எட்டு குதிரைசக்தி என்பதற்கு முதல் 8, 1964-ம் வருஷம் என்பதற்குக் கடைசி 4. பாட்டி ஆகஸ்டில் வீட்டை விற்றுவிட்டு ஒஹாயோவில் மகள் ஊருக்குப் பக்கத்தில் முதியோர் இல்லத்துக்குப் போவதாக ஏற்பாடு.

"ஐம்பது டாலர் குடு, எடுத்துக்கோ. ஆனா நான் கிளம்பறதுக்குள்ள ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் காட்டணும். அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டுத்தான் போவேன்" என்றாளாம்.

அதுவரை ஸ்க்ரூ டிரைவரைச் சரியாகப் பிடிக்கத் தெரியாத நண்பன், சரி என்று தலையாட்டிவிட்டான்.

எஞ்சின் ஜாம். பிஸ்டன் அசையவில்லை. எஞ்சின், கோலர் கம்பெனித் தயாரிப்பு. ஆமாம், பாத்ரூம் சாமான்களில் பெயர் பார்க்கிறீர்களே, அதே கோலர்தான். குதிரைக்குத் தண்ணீர் வைக்கிற தொட்டிக்கு எனாமல் பூசிக் குளிக்கிற தொட்டியாக விற்க ஆரம்பித்த புண்ணியவான்கள், பின்னாளில் வார்ப்பிரும்பில் ஒற்றை சிலிண்டர் எஞ்சினும் செய்தார்கள். கனமோ கனம். ஆனால் லேசில் சாகாது.

ஜாம் ஆன எஞ்சினுக்கு வைத்தியம் பொறுமைதான். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஆட்டோமேடிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் அசிடோனும் பாதிப் பாதி கலந்து ஓட்டை வழியாக ஊற்றவேண்டும். மூடிவிட்டு வேறு வேலையைப் பார்க்கவேண்டும். மறுநாள் ஃப்ளைவீலைப் பிடித்து இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம். அசையாவிட்டால் மறுபடி ஊற்றவேண்டும். கோபம் வந்து சுத்தியலை எடுத்தால் கதை கந்தல். நண்பனுக்கு இது பதினேழு நாள் பிடித்தது. பதினெட்டாம் நாள் ஒரு நூலளவு அசைந்ததாம். "அன்னிக்கு ராத்திரிதான்டா ஆறு மணி நேரம் தூங்கினேன்" என்றான்.

துரு எடுப்பது இன்னொரு கலை. ஒரு பக்கெட் தண்ணீர், துணி துவைக்கிற சோடா, ஒரு பழைய இரும்புத் தகடு, கார் பேட்டரி சார்ஜர். துருப்பிடித்த பாகத்தை நெகடிவில் கட்டி, தகட்டைப் பாஸிடிவில் கட்டி, இரண்டும் தொடாமல் முக்கி சுவிட்சைப் போட்டால் துரு கழன்றுவிடுகிறது. நல்ல இரும்பு அப்படியே நிற்கிறது. இரண்டு எச்சரிக்கை: கிளம்புவது ஹைட்ரஜன், அதனால் திறந்தவெளியில்தான் செய்யவேண்டும். எவர்சில்வர் தகடு கூடவே கூடாது. அதிலிருந்து இறங்குகிற குரோமியம் விஷம்.

"அண்ணா, கிச்சன்ல குழாய் ரெண்டு மாசமா ஒழுகுது. அதைக் கேட்டா டைம் இல்லேங்கறார். நீங்களாவது சொல்லுங்க" என்றாள் நண்பன் மனைவி. ஆனால் குரலில் கோபம் இல்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த ஆசாமி எழுந்து நடமாடுகிறானே, அது போதும் அவளுக்கு.

நான் போய் இறங்கியபோது எல்லாம் ரெடி. கார்புரேட்டர் மட்டும் இல்லை. பழசு விரிசல் விட்டிருந்தது. அதற்காகத்தான் அரெண்ட்ஸ்வில்.

*

ஹாரிஸ்பர்க்கிலிருந்து தெற்கே கெட்டிஸ்பர்க் வரை ஒரு மணி நேரம். 1863 ஜூலையில் மூன்று நாள் யுத்தம் நடந்த ஊர். அதே வருஷம் நவம்பரில் லிங்கன் வந்து இரண்டு மூன்று நிமிஷம் பேசிவிட்டுப் போனார், உலகம் இன்னும் அதையே பேசிக்கொண்டிருக்கிறது. நம் மேடைப் பேச்சாளர்கள் கவனிக்க. அங்கிருந்து வடமேற்கே சுமார் 13 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் ஆப்பிள் மரங்கள், பின்னால் நீலமாகச் சவுத் மவுன்ட்டன் மலை.

மைதானத்தில் நுழைந்தால் ஒரே சிவப்பு! வரிசை வரிசையாக வீல் ஹார்ஸ்கள். தேய்த்துத் தேய்த்துப் புது மணப்பெண் மாதிரி ஜொலிப்பவை ஒரு பக்கம். துருவோடும் வெளுத்த வர்ணத்தோடும் 'இருக்கிறபடி இருக்கிறேன், உனக்கென்ன?' என்று நிற்பவை இன்னொரு பக்கம். இரண்டு கட்சிகளுக்கும் தீராத சண்டை. புது வர்ணம் அடித்தால் சரித்திரம் அழிந்துபோகிறது என்கிறது ஒரு கட்சி. அடிக்காவிட்டால் வண்டியே அழிந்துபோகும் என்கிறது மற்றது. தொப்பியும் தொப்பையுமாகத் தாத்தாக்கள் டிராக்டரிலேயே காபி வாங்கப் போகிறார்கள். ஒற்றை சிலிண்டர் எஞ்சின்களின் 'டுப்... டுப்... டுப்' சத்தத்தில் எனக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பம்ப்செட்டுகள் ஞாபகம்.

ஓர் ஓரத்தில் நம் மூர் மார்க்கெட் மாதிரி தரையில் தார்ப்பாய் விரித்துப் பழைய சாமான்கள். கியர், புல்லி, சீட்டு, சாவி. தார்ப்பாய்க்குப் பின்னால் பதினாலு வயதுப் பையன். அவன் தாத்தா நாற்காலியில் தூங்குகிறார். எங்களுக்கு வேண்டிய கார்புரேட்டர் இரண்டு இருந்தது. நண்பன் பளபளப்பானதை எடுத்தான். பையன் வாங்கி, த்ராட்டில் தண்டைப் பிடித்து ஆட்டிக் காட்டினான்.

"இது வேண்டாம் சார். தண்டு தேஞ்சு ஆடுது. அந்தச் சந்து வழியா காத்து இழுக்கும், ஒழுங்கா ஓடாது. அழுக்கா இருக்கே, அதை எடுங்க."

பளபளப்பு 60 டாலர், அழுக்கு 40 டாலர். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மயக்கமே வந்துவிட்டது. விலை குறைந்ததைப் பார்த்து எடுக்கச் சொல்கிற வியாபாரியை பி.காம். மூன்று வருஷத்தில் எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் சந்திக்கவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கார்புரேட்டரைக் கழுவி மாட்டியாயிற்று. பிளாட்டினம் பாயின்ட்டுக்கு நடுவில் 20 'தௌ' இடைவெளி, அதாவது அரை மில்லிமீட்டர், வைத்தாயிற்று. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பாட்டி வீட்டு முன்னால் நிறுத்தினோம். பாட்டி வராந்தாவில் ஆடுகிற நாற்காலியில். கண் பார்வை மங்கல்.

சாவியைத் திருப்பினான். பெல்ட் சுற்றியது. எஞ்சின் முனகியது. ஒன்றுமில்லை. இரண்டாம் தடவை ஒன்றுமில்லை. நண்பன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஐந்து மாதத்தில் அவன் போட்ட அப்ளிகேஷன்களுக்கு வந்த பதில்களையெல்லாம் எஞ்சினும் சேர்ந்துகொண்டு சொன்ன மாதிரி இருந்தது.

மூன்றாம் தடவை 'டப்' என்று ஒரு வெடி. கரும்புகை. பிடித்துக்கொண்டது! ஆனால் இருமி இருமி, இதோ நிற்கப்போகிறேன் என்று தடுமாறியது. நண்பன் என்ன செய்வதென்று தெரியாமல் கையை உதறினான்.

"சோக்கை உள்ளே தள்ளு!"

பாட்டிதான். நாற்காலியை விட்டு எழவில்லை. இந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. "அவரும் எப்பப் பாத்தாலும் தள்ள மறந்துடுவார். சனிக்கிழமை தவறாம நான்தான் கிச்சன்லேர்ந்து கத்தணும்."

தள்ளினான். புகை நின்றது. டுப், டுப், டுப் என்று சீராக ஓட ஆரம்பித்தது. பாட்டி கண்ணை மூடிக்கொண்டாள். பெட்ரோல் தீரட்டும் என்று நாங்களும் அணைக்காமல் விட்டுவிட்டோம்.

*

ராத்திரி நான் கணக்குப் போட்டேன். தொழில் புத்தி. வண்டி 50 டாலர், கார்புரேட்டர் 40, பாயின்ட், பிளக் வகையறா 35, பேட்டரி 45, நாலு டயர் 180, பெயின்ட்டும் உப்புத்தாளும் 110. மொத்தம் 460. நண்பன் உழைப்பு 190 மணி நேரம். பென்சில்வேனியாவில் அப்போதைய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், ஆகவே 1,377.50. ஆக அடக்கம் 1,837 டாலர் 50 சென்ட். மைதானத்தில் இதே மாதிரி வண்டிக்குக் கேட்ட விலை 600. நிகர நஷ்டம் 1,237.50!

காகிதத்தை நண்பனிடம் நீட்டினேன். படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "ஸ்பானர் எங்கடா வெச்சே?" என்று கேட்டுவிட்டுக் கிச்சன் குழாயைக் கழற்றப் போய்விட்டான்.

செப்டம்பரில் வேறு வேலை கிடைத்துவிட்டது என்று எழுதினான். சம்பளம் கொஞ்சம் குறைவுதானாம். கூடவே ஒரு போட்டோ. கொட்டகையில் சிவப்புக் குதிரை. பக்கத்தில் துருப்பிடித்துப்போய் மஞ்சளும் வெள்ளையுமாக இன்னொன்று.

அடுத்த நஷ்டக் கணக்கு ஆரம்பம்!