கரியால் எழுதிய முடிவுகள்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் சாலையோரம், கரிசற் புழுதி படிந்த சிற்றூரொன்று யான் பிறந்த ஊர். அமெரிக்க மல்யுத்தக் காட்சிகளின் முடிவுகளை எங்கள் தெருச் சிறுவர் அடுப்புக்கரியால் சுவரில் எழுதிவைப்பது வழக்கம். 2014 ஏப்ரல் 6-ஆம் நாள் நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடந்த முப்பதாம் ரெசில்மேனியாவின் முடிவுகளும் அவ்வாறே ஏறின. டேனியல் பிரையன் முதலில் ட்ரிபிள் எச்சை வென்று, பின்னர் ராண்டி ஆர்ட்டன், பட்டிஸ்டா இருவரோடும் ஒருசேரப் பொருது பட்டங் கொண்டார். ஜான் சீனா பிரே வையட்டை வென்றார். ஆயின், 1991 முதல் அவ்வரங்கில் இருபத்தொரு முறை தொடர்ந்து வென்ற அண்டர்டேக்கர், பிராக் லெஸ்னரிடம் தோற்றார் என்பதை எழுத ஒருவனும் துணியவில்லை. தோற்றார் என்றனர் ஒருசாரார்; இல்லை என்றனர் மறுசாரார்.

கல்லூரிக்கு வந்து புறநானூறு பயின்றபோது அப்பூசல் நினைவுக்கு வந்தது. போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் வெற்றியைப் பற்றி ஊரார் இருவேறு விதமாய்ப் பேச, பனையடியில் நின்று தன் கண்ணாற் கண்டதைக் கூறுகிறார் நக்கண்ணையார்.

இக்கல்விச் செருக்கோடு சென்ற விடுமுறையில் வீடு சென்றேன். தொலைக்காட்சிமுன் மூச்சடக்கி அமர்ந்திருந்த தம்பியை நோக்கி, "இவையெல்லாம் முன்னமே பேசி வைத்த முடிவுகள், நக்கண்ணையார் கண்டதே மெய்யான மற்போர்" என்றேன். அவன் முகம் வாடிற்று. ஒன்றும் பேசாது தொலைக்காட்சியை நிறுத்திவிட்டான்.

கயிற்றுக் கட்டிலில் முதுகு வலியோடு படுத்திருந்த தந்தையார், பஞ்சு மூட்டை சுமந்து எங்களை வளர்த்தவர், மெல்லச் சொன்னார்: "கூலியை முன்னமே பேசிக்கொண்டுதானப்பா மூட்டை தூக்குகிறோம், அதனால் மூட்டை கனக்காமலா போகிறது?"

யான் வாயடைத்து நின்றேன். அன்று தோற்ற அண்டர்டேக்கர் தலையிற் பட்ட அடியால் மருத்துவமனை சேர்ந்தார் என்பதும், அந்நாளின் நிகழ்ச்சிகள் தமக்கு நினைவில்லை எனப் பின்னர் அவரே கூறினார் என்பதும் யான் படித்தறிந்தவையே. முடிவு பேசி வைத்ததுதான். உடலுக்கு நேர்ந்த நோவோ மெய். இதனை அறிந்திருந்தும், உணர்த்துதற்கு ஏடு பயிலாத தந்தையாரின் ஒரு சொல் வேண்டியிருந்தது.

அன்றிரவு தம்பியை அருகழைத்து, "யார் வென்றார்?" என்று வினவினேன். சற்றுத் தயங்கி, பின் உற்சாகமாய் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினான். தந்தையாரின் முதுகில் தைலந் தேய்த்தவாறே யான் கேட்டுக்கொண்டிருந்தேன்.