கட்டுவிரியனா, அதன் சாயலா?

மதுரையைச் சுற்றிய ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு வீட்டு வாசலுக்குப் பாம்பு வருவது புதிதல்ல. கண்மாயில் தண்ணீர் ஏற ஏறக் கரையோரத்து எலி வளைகள் மூழ்கும். எலியும் தவளையும் மேட்டுப் பக்கம் ஒதுங்க, பாம்பும் பின்னாலேயே வரும். முன்பு வயலாக இருந்த பல இடங்கள் இன்று வீட்டுமனைகள். நடுவில் காலியாகக் கிடக்கும் மனையில் சீமைக்கருவேலமும் செங்கல் குவியலும் இருந்தால் பாம்புக்கு அதுவே போதும்.

இப்படி வருவதில் பெரும்பங்கு தண்ணீர்ப்பாம்பு, சாரை, கொம்பேறி மூக்கன் போன்ற தெரிந்த பாம்புகள்தாம். எப்போதாவது ஒன்று, "இந்தப் பக்கம் இப்படியொரு பாம்பைப் பார்த்ததே இல்லையே" என்று சொல்ல வைக்கும். அப்படிச் சொன்ன அடுத்த நிமிடமே யாராவது கம்பைத் தேடுவார்கள். பெயர் தெரியாத பாம்பு விஷப்பாம்பாகத்தான் இருக்கும் என்பது நம் ஊரில் ஊறிப்போன எண்ணம். அதனால் சாகும் பாம்புகளில் முதலிடம் ஓநாய்ப் பாம்புக்கே கொடுக்கலாம். வெள்ளிக்கோல் வரையன் என்றும் இதைச் சொல்வார்கள். பழுப்பு உடம்பில் வெளிர்மஞ்சள் பட்டைகள் கொண்டது. பல்லியைத் தேடிச் சுவரேறி வீட்டுக்குள் வந்துவிடும். விஷமற்றது. டார்ச் வெளிச்சத்தில் பார்ப்பவருக்கு இது கட்டுவிரியன்.

இரண்டையும் பிரித்துச் சொல்ல வழி இருக்கிறது. கட்டுவிரியன் பளபளப்பான கருநிறம். மெல்லிய வெள்ளை வளையங்கள் பெரும்பாலும் இரட்டை இரட்டையாக ஓடும். தலையை விட்டுச் சற்றுத் தள்ளித்தான் தொடங்கும். வால் பக்கம் போகப் போகத் தெளிவாகும். ஓநாய்ப் பாம்பில் இது தலைகீழ். பட்டை கழுத்திலேயே அகலமாகத் தொடங்கி, விலாப்புறத்தில் கிளை பிரிந்து, வாலை நெருங்கும்போது மங்கிவிடும். ஆனால் கட்டுவிரியனிலும் சிலவற்றுக்கு முன்பக்க வளையங்கள் அழிந்து முழுக் கறுப்பாகத் தெரியும். பட்டையை மட்டும் நம்பி, "இது சாதாரணப் பாம்புதான்" என்று கையில் எடுப்பது உயிரோடு விளையாடுவது.

நிறத்தைவிடச் செதில் நம்பகமானது. அதை ஆபத்தில்லாமல் பார்க்க நல்ல இடம் பாம்புச் சட்டை. செங்கல் இடுக்கிலோ வேலியோரத்திலோ கிடக்கும் சட்டையைப் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்க வேண்டும். காலுறையைக் கழற்றுவது போலப் பாம்பு அதை உட்புறம் வெளியே வரும்படி உரித்துவிட்டுப் போயிருக்கும். கண்ணை மூடியிருந்த கண்ணாடி போன்ற வட்டச் செதிலும் அதிலேயே இருக்கும். நிறம் அநேகமாகப் போயிருந்தாலும் செதில் வரிசை அப்படியே பதிந்திருக்கும். முதுகின் நடுவரிசைச் செதில்கள் மட்டும் பக்கத்துச் செதில்களைவிடப் பெரிதாக, அறுகோணமாக இருந்து, வாலின் அடிச் செதில்களும் இரண்டாகப் பிரியாமல் ஒற்றை வரிசையாக இருந்தால் வந்து போனது கட்டுவிரியன். முதுகுச் செதில் எல்லாம் ஒரே அளவாக இருந்து, வாலடியில் இரட்டை வரிசை ஓடினால் அது கட்டுவிரியன் அல்ல. உரித்த சட்டை இழுபட்டு நீண்டிருக்கும் என்பதால் அதை வைத்துப் பாம்பின் நீளத்தைக் கணக்கிடக் கூடாது.

முக்கோணத் தலை இருந்தால் விஷப்பாம்பு என்றொரு விதி பரவலாக உலவுகிறது. அதை மறந்துவிடுவது நல்லது. நல்ல பாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் முக்கோணத் தலை கிடையாது. பூனைப் பாம்புக்குக் கழுத்து ஒடுங்கித் தலை அகன்றிருக்கும், அதனால் அதைச் சுருட்டை விரியன் என்று அடித்துவிடுகிறார்கள். திட்டுத் திட்டான உடம்போடு குட்டையாகக் கிடக்கும் மண்ணுளிப் பாம்புக்குக் கண்ணாடி விரியன் என்ற பெயர் விழுகிறது. கண்ணாடி விரியனின் முதுகில் சங்கிலி கோத்தது போன்ற மூன்று வரிசை நீள்வட்டங்கள் ஒழுங்காக ஓடும். மண்ணுளியின் திட்டுகளோ ஒன்றோடொன்று ஒட்டிக் கோணல்மாணலாக இருக்கும். வாலும் குட்டை, கண்ணும் சிறிது.

எது விஷமுள்ளது, எது இல்லாதது என்று மக்களுக்குக் காட்டும் முயற்சி இந்தியாவின் கிழக்குக் கடற்கரையில் பழையது. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளராக இருந்த மருத்துவர் பாட்ரிக் ரஸ்ஸல், சோழமண்டலக் கரையில் சேர்த்த பாம்புகளைப் படம் வரைந்து, உள்ளூர் மக்கள் சொன்ன பெயர்களோடு 1796இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். கண்ணாடி விரியனின் அறிவியல் பெயரில் இன்றும் அவர் பெயர் இருக்கிறது. ஆனால் புத்தகத்தை மிஞ்சிய அறிவு பாம்பு பிடிக்கும் இருளர் பழங்குடியினரிடம் உண்டு. மண்ணில் கிடக்கும் தடத்தையும் எச்சத்தையும் வைத்தே எந்தப் பாம்பு, எந்த வளைக்குள் போனது என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். 1978இல் தொடங்கிய அவர்களது கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் நான்கு வகைப் பாம்புகளின் நஞ்சை எடுத்துத் தருகிறது. இந்தியாவின் விஷமுறிவு மருந்துக்கு அதுதான் அடிப்படை. இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. தாமதமாக வந்தாலும் தகுதியான மரியாதை.

அந்த நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நான்குக்கும் ஒரே மருந்து. அதனால் கடித்த பாம்பை அடித்துப் பையில் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. வெட்டுப்பட்ட தலைகூடச் சிறிது நேரம் கடிக்கும் என்பதால் அது இன்னொருவரையும் படுக்க வைத்துவிடலாம். மருத்துவர் பார்ப்பது அறிகுறிகளை. கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைப்பார்கள்; உறையாவிட்டால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியனின் நஞ்சு வேலை செய்கிறது என்று பொருள். கட்டுவிரியன் கடியில் இந்தச் சோதனை உதவாது. தரையில் படுத்திருப்பவரை இரவில் கடிக்கும். வலியும் இருக்காது, தடமும் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலியோடு எழுந்து, இமை தொங்க ஆரம்பித்தால் உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். பாம்பை யாரும் பார்க்கவில்லையே என்று காத்திருக்கக் கூடாது. தமிழக அரசு 2024இல் பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. இனி ஒவ்வொரு கடியும் கணக்கில் வர வேண்டும்.

புதிதாகத் தெரியும் பாம்பு சில சமயம் உண்மையிலேயே புதிதாகவும் இருக்கும். இலங்கைக்கு மட்டுமே உரியது என்று நம்பப்பட்ட ஒரு பறக்கும் பாம்பு ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் இருப்பதை 2015இல் அறிவித்தார்கள். நம் வேலியில் தொங்கும் பச்சைப் பாம்பே இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இலங்கையின் பச்சைப் பாம்போடு ஒரே பெயரில் இருந்தது. மரபணுவையும் உடலமைப்பையும் ஒப்பிட்ட பிறகு 2020இல்தான் இரண்டும் வேறு இனங்கள் என்றார்கள். ஆகவே அடிப்பதற்கு முன் ஒரு படம் எடுப்பது வீண் வேலையல்ல. பத்தடி தள்ளி நின்று, செல்போனில் பெரிதாக்கி, முழு உடம்பும் மேலிருந்து தெரியும்படி ஒன்று, தலை பக்கவாட்டில் தெரியும்படி ஒன்று, வால் தெரியும்படி ஒன்று. பிறகு ஒருவர் கண்ணை எடுக்காமல் பாம்பைப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் தீயணைப்புத் துறைக்கு 101இல் பேசலாம். அவர்கள் வருவதற்குள் பாம்பு தன் வழியில் போய்விட்டாலும் படம் கையில் இருக்கும். வந்தது எது என்பதைத் தெரிந்தவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளலாம்.