பனிக்காலத்துப் புலரிப் பொழுது

மார்கழி பிறந்துவிட்டால் நம் இல்லங்களில் ஒரு பேச்சு எழும். “பனி கொட்டுகிறது, பிள்ளை ஓதப் போக வேண்டாம்” என்று தாய்மார்கள் சொல்லிவிடுவர். மூச்சிரைப்புள்ள பிள்ளைகளைப் பற்றி நான் பேசவில்லை. மற்றப் பிள்ளைகள் போர்வைக்குள் எதை இழக்கிறார்கள் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

திருநெல்வேலிச் சீமையின் கிராமமொன்றில் சுப்ஹுத் தொழுது வெளியே வாருங்கள். பிசானப் பயிரின் பசுமையெல்லாம் பனித்துளி. வரப்போரச் சிலந்தி வலைகூட முத்துச்சரமாய்த் தொங்கும். மேற்கே மூடுபனியில் மறைந்திருக்கும் மலைத்தொடர், வெயில் ஏற ஏற அடுக்கடுக்காய் வெளிப்படும். 1994ஆம் ஆண்டில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கூந்தன்குளத்திற்கு, இமயத்தையே கடந்து வரித்தலை வாத்துகள் வந்திறங்கும் பருவமும் இதுவே. வானில் சிறகு விரிக்கும் பறவைகளைப் பார்த்துச் சிந்திக்குமாறு திருமறை நம்மை அழைக்கிறதன்றோ!

ஒரு முறை ‘குறைஷ்’ அத்தியாயத்தைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். மக்கத்து வணிகர்கள் கோடையில் வடக்கே ஷாம் நாட்டிற்கும், குளிர்காலத்தில் தெற்கே யமனுக்கும் சென்றதை விளக்கியபோது, ஒரு சிறுவன் குறுக்கிட்டான்: “அப்படியானால் அவர்களும் நம் குளத்து வாத்துகளைப் போலக் குளிருக்குத் தெற்கே போனவர்கள்தாமே, உஸ்தாத்?” பல விரிவுரைகளைப் புரட்டிய எனக்கு அவ்வொப்புமை தோன்றியதில்லை. விடியலில் குளக்கரை வழியே நடந்து வந்த பிள்ளைக்குத் தோன்றிற்று.

இரவு நீண்டு பகல் குறுகும் குளிர்காலத்தை முஃமின்களின் வசந்தம் என்று முன்னோர் போற்றினர். நம் பகுதியில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணி நேரமே. ஆயினும் தாகம் வாட்டாத பகல், நஃபில் நோன்புக்கு எத்துணை எளிது! வைகாசியைவிட மார்கழியில் சுப்ஹு பாங்கும் அரைமணி நேரம் போலத் தாமதித்தே ஒலிக்கிறது. கோடையில் எழும் பிள்ளைக்குக் குளிரில் கூடுதல் உறக்கம் கிடைக்கிறதென்பதைத் தாய்மார்கள் கவனிப்பதில்லை.

ஓதி முடித்துத் திரும்பும் பிள்ளைக்கு அடுப்படி காத்திருக்கும். மண்ணில் புதைத்த பனங்கொட்டைகள் கிழங்கு விட்டிருக்கும் காலம் இது. பிடுங்கிக் கழுவி, உப்பும் மஞ்சளும் இட்டு வேகவைப்பார்கள். வெந்த கிழங்கின் தோலை உரித்து, இரண்டாய்ப் பிளந்து, நடுக்குருத்தை நீக்கி, நாரைக் கிழித்துக்கொண்டே பாட்டிமார் நபிமார்களின் வரலாறு சொல்வார்கள். பக்கத்தில் கருப்பட்டி இட்ட சுக்கு வெந்நீர் கொதிக்கும். அவசரமாய்த் தின்ன இயலாத பண்டமாதலால் வரலாறும் நீளும். இப்போது உரித்த கிழங்கைத் தட்டிலிட்டுத் தொலைக்காட்சியின் முன் வைத்துவிடுகிறோம். எனக்கு இது சிறிதும் உவப்பில்லை.

சிரமமான வேளையிலும் ஒளுவை நிறைவாகச் செய்வதை அண்ணலார் (ஸல்) சிறப்பித்துள்ளார்கள். அதற்காகப் பிள்ளையைத் தண்ணீரில் நடுங்கவிட வேண்டுமென்பதில்லை. வெந்நீர் விளாவிக் கொடுங்கள். காதை மூடித் துண்டு கட்டுங்கள். சட்டைப்பையில் இரண்டு கிழங்குத் துண்டுகள் இருந்தாலும் நான் கண்டுகொள்ள மாட்டேன்.