ஐந்து திருகாணி

என் மாமாவுக்கும் சேருக்கும் இடையில் ஒரு வழக்கு இருக்கிறது. 1989ஆம் ஆண்டு தொடங்கியது, இன்னும் தீரவில்லை. பழைய வீட்டுக் கணினிகளில் எதைத் திறந்து வேலை செய்வது சுகம், சேரின் ஸ்பெக்ரமா, மாமாவின் ஸக்ரா? இதுதான் வழக்கு. வெள்ளிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு சேரின் சைக்கிள் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பும் சத்தம் கேட்டாலே மாமி தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்துவிடுவார். இரண்டு பேரும் அறுபதைத் தாண்டியவர்கள். சேர் ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர். மாமா ஐந்து சந்திக்குக் கிட்ட ஒரு சின்னக் கடையில் போனும் மடிக்கணினியும் திருத்துகிறவர். ஆனால் அந்த ஒரு மணித்தியாலத்துக்கு இரண்டு பேருக்கும் இருபத்தைந்து வயதுதான்.

ஸ்பெக்ரம் என்றால் சின்கிளேயர் இசட்.எக்ஸ். ஸ்பெக்ரம். 1982 ஏப்ரலில் இங்கிலாந்தில் வெளிவந்தது. ஒரு பயிற்சிக் கொப்பியின் அளவில் கறுப்புப் பெட்டி, அழிறப்பர் போல மெதுமையான விசைகள். நினைவகம் 48 கிலோபைற்று. நாம் வட்சப்பில் அனுப்பும் ஒரு படம்கூட அதற்குள் அடங்காது. திரைக்கு வீட்டு ரீவி. புரோகிராமைச் சேமித்து வைக்கப் பாட்டுக் கேட்கும் ரேப் ரெக்கோடர். சேருக்கு அதை 1986இல் லண்டனிலிருந்து தமையன் அனுப்பினாராம்.

மாமா அப்போது குவைத்தில் இருந்தார். அங்கே அல் ஆலமிய்யா என்ற நிறுவனம் அரபு எழுத்தில் வேலை செய்யும் கணினிகளை ஸக்ர் என்ற பெயரில் விற்றது. ஸக்ர் என்றால் அரபியில் பாறை. பின்னாளில் குர்ஆன், ஹதீஸ் மென்பொருள்களை வெளியிட்டவர்களும் அவர்களே. ஸக்ர் கணினி எம்.எஸ்.எக்ஸ். வகையைச் சேர்ந்தது. எம்.எஸ்.எக்ஸ். என்பது 1983இல் ஜப்பானில் அறிவிக்கப்பட்ட ஒரு பொது நியமம். சொனி செய்தாலும், யமஹா செய்தாலும், பிலிப்ஸ் செய்தாலும், ஒன்றுக்கு எழுதிய புரோகிராம் மற்றதிலும் ஓட வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்தக் காலத்தில் இது பெரிய விஷயம். மற்றக் கணினிகளில் ஒன்றின் பாஷை மற்றதற்கு விளங்காது. மாமா 1989இல் ஸக்ரோடு ஊருக்கு வந்து, மூத்தவாப்பாவின் தையல் கடையில் உதவிக்கு நின்றுவிட்டார்.

சேரின் முதல் வாதம் எப்போதும் ஒன்றுதான். "அடியில ஐஞ்சு திருகாணி. அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு கழட்டுவன்." உண்மைதான், எண்ணிப் பார்த்தேன். திறந்தால் ஒரே ஒரு சின்னப் பலகை, அதில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஐசிகள். எது எந்த வேலை செய்கிறது என்று பத்து நிமிடத்தில் விளங்கப்படுத்திவிடலாம்.

மாமா உடனே மறிப்பார். "திறக்கிறது சுகம். திறந்த பிறகு?" விசைப்பலகையிலிருந்து பலகைக்குப் போகும் இரண்டு நாடாக்கள் மெல்லிய பிளாஸ்ரிக். பழசானால் கருகிய வாழையிலை மாதிரி மொறுமொறுத்துப்போகும். மேல்மூடியைக் கொஞ்சம் அவசரப்பட்டுத் தூக்கினால் சரி, பாதி விசை செத்துவிடும். அதோடு ஸ்பெக்ரத்தின் நினைவகத்தில் ஒரு பகுதிக்கு, எட்டு ஐசிக்கு, மூன்று விதமான மின்னழுத்தம் தேவை: 5, 12, பிறகு மைனஸ் 5. ஒன்று தவறினாலும் ஆபத்து. எம்.எஸ்.எக்ஸில் நினைவகம் ஒரே 5 வோல்ற்றில் ஓடும். "மூண்டு நேரச் சாப்பாடும் மூண்டு கடையில எடுக்கிற ஆள் உன்ட ஸ்பெக்ரம்" என்பார் மாமா.

சேர் விடமாட்டார். ஸ்பெக்ரத்தில் 'பிரிண்ட்' என்று ஐந்தெழுத்தும் அடிக்கத் தேவையில்லை, 'பி' விசையை ஒருமுறை அழுத்தினால் முழுச்சொல்லும் வந்துவிழும். அது சுகமில்லையா? மாமாவுக்கு அது சுகமில்லை, எரிச்சல். எந்தச் சொல் எந்த விசைக்குள் ஒளிந்திருக்கிறது என்று தேடியே ஆயுள் போய்விடுமாம். இந்த இடத்தில் நான் மாமாவின் பக்கம்.

உலகம் முழுவதும் பழைய கணினிப் பிரியர்கள் இதே சண்டையைத்தான் பிடிக்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கொமடோர் 64காரர்கள் தங்களுக்கு மூன்றே திருகாணி என்பார்கள். ஆனால் அதன் மின்வழங்கி, உள்ளே பிசின் ஊற்றி மூடிய ஒரு கட்டி. அது பழுதாகி மின்னழுத்தம் ஏறினால் கணினியையும் சேர்த்துக் கொன்றுவிடும். 1977இல் வந்த அப்பிள் இரண்டுக்குத் திருகாணியே வேண்டாம், மூடியைக் கையாலேயே தூக்கலாம். மாமாவும் சேரும் அப்பிளைப் பற்றிப் பேசுவதில்லை. இரண்டு பேருக்கும் தோல்வி வரும் இடம் அது.

ஆனால் இந்த வழக்கில் ஒரு குறை உண்டு. ஒரு பக்கத்துச் சாட்சி இல்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கிய பிறகு குடாநாட்டில் மின்சாரம் நின்றது. இரண்டு கணினிகளும் சும்மா கிடந்தன. ஒக்டோபர் 30ஆம் திகதி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எங்கள் ஆட்கள் ஜின்னா மைதானத்தில் கூடினார்கள். இரண்டு மணித்தியாலம். உடுத்த உடுப்போடும் கையில் கொஞ்சக் காசோடும் சோனகத் தெரு காலியாகியது. ஸக்ர் மேசையிலேயே இருந்தது, மூத்தம்மா தைத்த உறை போட்டபடி. "குவைத்தில நிண்டிருந்தா ஓகஸ்ட்டில துரத்தியிருப்பாங்கள், இங்க வந்தபடியா ஒக்டோபர்ல" என்று மாமா சிரித்துக்கொண்டு சொல்வார். குவைத் மீது படையெடுப்பு நடந்ததும் அதே வருடம்தான்.

நான் பிறந்தது புத்தளத்தில். மீள வந்து குடியேறியபோது அந்த வீட்டில் கூரையும் இல்லை, கதவும் இல்லை. கணினியைப் பற்றி யார் யாரிடம் கேட்பது?

சேரின் ஸ்பெக்ரமும் இடம்பெயர்ந்ததுதான். 1995இல், அதுவும் ஒக்டோபர் 30, வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, அது சைக்கிள் கரியரில் அரிசிப் பைக்குள் போனது. எடை அரைக் கிலோவுக்குச் சற்று மேல். "தூக்கிக்கொண்டு ஓடவும் சுகம்" என்று சேர் ஒருநாள் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தார். மாமா ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குத் தேத்தண்ணி மட்டும் குடித்தார்கள்.

இனி என் குற்றம். உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவில் சேர்ந்த பிறகு சேர் ஸ்பெக்ரத்தை எங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். "பிள்ளை, நாடாவை மட்டும் கவனம்." நாடாவை நான் கவனமாகத்தான் பார்த்தேன். நுனி வெடித்திருந்த ஒன்றை மாமாவின் சொற்படி இரண்டு மில்லிமீற்றர் வெட்டி மறுபடி செருகினேன். பழைய ரீவியில் 36ஆம் சனலைத் தேடி வைத்தேன். சேரின் அடப்ரர் எப்போதோ எரிந்துபோயிருந்தது. மாமாவின் பெட்டியில் 9 வோல்ற் என்று எழுதிய ஒன்று கிடைத்தது. முனையும் சரியாகப் பொருந்தியது. கேட்காமல் செருகினேன்.

'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். ரீவியில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக நிறங்கள்.

அநேகமான அடப்ரர்களில் முனையின் நடுப்பகுதி பிளஸ், வெளிப்பகுதி மைனஸ். ஸ்பெக்ரத்தில் மறுபக்கம், நடுதான் மைனஸ். தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தில் ஏ எடுத்த எனக்கு அது தெரியாது. முப்பது வருடத்துக்கு மேல் மின்சாரமில்லாத காலத்தையும், இடப்பெயர்வையும், கரப்பொத்தானையும் தாண்டி வந்த ஒன்றை ஒரு விநாடியில் முடித்துவிட்டேன் என்று நினைத்து, அன்றிரவு நான் சாப்பிடவில்லை. சேரிடம் என்ன சொல்வது என்பது ஒரு பக்கம். வழக்கில் மிச்சமிருந்த ஒரே சாட்சியையும் நான் கொன்றுவிட்டேனே என்பது மற்றப் பக்கம்.

மாமா ஏசவில்லை. மல்ரிமீற்றரை என் கையில் தந்தார். "அழுதது போதும் மகள், அளந்து பார்." 5 வோல்ற் இருந்தது. 12 இல்லை. மைனஸ் 5உம் இல்லை. அவர் சிரித்தார். "நான் சொன்ன மூண்டு கடையில ரெண்டு பூட்டு." அந்த இரண்டையும் உண்டாக்குவதில் முக்கியமான ஒரு ரான்சிஸ்ரர் போயிருந்தது. ஸ்பெக்ரத்தில் தலைகீழாக மின்சாரம் கொடுத்தால் முதலில் சாவது அநேகமாக அதுதானாம். பிறகு அந்த எட்டு நினைவக ஐசிகளையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஆறு சாதாரணமாக இருந்தன. இரண்டு சுட்டன. காய்ச்சல் பார்ப்பது போலத்தான்.

வெள்ளிக்கிழமை சேரிடம் நானே சொன்னேன். அவர் முதலில் கேட்டது, "எத்தினை ஐசி?" இரண்டு என்றேன். "அப்ப சுகம்" என்றார். மாமா உடனே, "பழுதாகிறதும் சுகம்" என்றார். வழக்கு மறுபடி தொடங்கிவிட்டது, எனக்கு மூச்சு வந்தது.

ரான்சிஸ்ரர் கொழும்பு முதலாங் குறுக்குத் தெருவிலிருந்து வந்தது. ஐசிகள் சீனாவிலிருந்து தபாலில் வர ஆறு கிழமை. ஒவ்வொன்றுக்கும் பதினாறு கால். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, பலகையிலிருக்கும் செப்புக் கோடு உரியாமல் கழற்ற வேண்டும். முதல் ஐசிக்கு எனக்கு இரண்டு மணித்தியாலம் எடுத்தது. இரண்டாவதுக்கு இருபத்தைந்து நிமிடம். நேரடியாக ஒட்டாமல் கால்கள் செருகும் சொக்கற்றை வைத்து ஒட்டச் சொன்னார் மாமா, அடுத்த முறை பழுதானால் பிடுங்கிப் போடலாமென்று. அவர் ஒருமுறைகூட சோல்டரிங் அயனைத் தொடவில்லை. கடையில் அவர் திருத்தும் போன்களைப் பார்த்திருக்கிறேன். நினைவகம் பலகையோடு பலகையாக, பற்றரி பசையால் ஒட்டியபடி, திறப்பதற்கே சூடு காட்ட வேண்டும். அவற்றில் என்னைக் கைவைக்க விட்டதில்லை.

மின்சாரம் கொடுத்தோம், இந்தமுறை சரியான பக்கமாக. திரை கறுத்து, வெளுத்து, அடியில் ஒரு வரி வந்தது: 1982 சின்கிளேயர் றிசேர்ச் லிமிட்டெட். அல்ஹம்துலில்லாஹ் என்றார் மாமி, அடுப்படியிலிருந்து.

அடுத்த கிழமை சேர் ஒரு கசற் கொண்டு வந்தார். ஸ்பெக்ரம் திரும்ப ஓடுவதால் பழைய கசற்றுகளைக் கிண்டியிருக்கிறார். மேலே மாமாவின் கையெழுத்து, "மே 1990". நல்ல ரெக்கோடரில் ஒரு பிரதி எடுத்துத் தரச்சொல்லி மாமா கொடுத்ததாம். ஸ்பெக்ரத்தில் அது ஓடாது, பாஷை வேறு. ரேப் ரெக்கோடரில் போட்டோம். கீச்சென்று நீண்ட ஒரு சத்தம். மாமா எழுந்து நின்றார். "இது என்ட மெசின்."

அந்தச் சத்தத்தை மடிக்கணினியில் பதிந்தேன். எம்.எஸ்.எக்ஸ். போலவே நடந்துகொள்ளும் இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது. அதற்குள் ஏற்ற இரண்டு இரவு போயிற்று. ஒலி கூடினாலும் பிழை, குறைந்தாலும் பிழை. மூன்றாம் நாள் திரையில், கண்டுபிடித்துவிட்டேன் என்ற அறிவிப்புக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்தில் ஒரு பெயர்: கடன். "பார்த்தியா," என்று மாமா சேரின் தோளில் தட்டினார். "மெசின் இல்லை, ஆனாலும் ஓடுது. இதுதான் நியமம்." சேரிடம் அதற்கு மறுமொழி இருக்கவில்லை.

அது தையல் கடைக் கடன் கணக்கு. முப்பத்தொரு பெயர், பக்கத்தில் தைத்த உடுப்பு, காசு. மாமா ஒவ்வொன்றாக வாசித்தார். இவர் கனடாவில், இவர் மௌத், இவர் எங்கே என்று தெரியாது. பத்தொன்பதாவது பெயரில் நிறுத்தினார். சேரின் அப்பா. இரண்டு காற்சட்டை, 85 ரூபா.

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்து ஸ்பெக்ரத்தின் மேல் வைத்தார்.

"வட்டி எவ்வளவு மச்சான்?"

"நாங்கள் வட்டி வாங்கிறேல்லை" என்றார் மாமா. தாளை எடுத்து மடித்தார். "மிச்சம் பதினைஞ்சு ரூபா தர இப்ப என்னட்டச் சில்லறை இல்லை. வாற வெள்ளி வா."