அழகர் வரும் வழியில்

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் பட்டணத்துக் குடும்பங்களில் ஒரு பெரிய விவாதம் ஆரம்பமாகிவிடும். உதகமண்டலமா, கொடைக்கானலா, ஏற்காடா என்பதே பிரச்னை. வீட்டின் நிதி மந்திரி வரவு செலவுக் கணக்கை எடுத்து வைத்ததும், மலைகள் ஒவ்வொன்றாக உயரம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் பரங்கிமலை அடிவாரத்தில் வந்து நின்றுவிடும். 2025ஆம் ஆண்டில் எங்கள் வீட்டு விவாதமும் ஏறக்குறைய அந்தக் கட்டத்தை எட்டியிருந்த சமயத்தில், மதுரையிலிருந்து அத்தை டெலிபோனில் கூப்பிட்டாள்.

"குளிரில் நடுங்குவதற்குக் காசு கொடுத்து மலைக்குப் போக வேண்டுமா, அப்பா? இங்கே அழகரே மலையை விட்டு இறங்கி வருகிறார். நீ பட்டணத்தை விட்டு வரக் கூடாதா? பந்தலுக்கு ஆள் போதவில்லை. குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு வா. சும்மா வேடிக்கை பார்க்க அல்ல, வேலை இருக்கிறது" என்றாள்.

என் பெண்ணுக்கு வயது பன்னிரண்டு, பையனுக்கு ஒன்பது. விடுமுறையில் வேலை என்றதும் இருவர் முகமும் வாடிப்போயிற்று. ஆனால் திருவிழாவில் தண்ணீர் பீய்ச்சி அடிப்பார்கள் என்ற செய்தி எப்படியோ பையன் காதுக்கு எட்டிவிட்டது. அதற்குப் பிறகு அவனைப் பட்டணத்தில் நிறுத்தி வைக்க யாராலும் முடியவில்லை. 1977 முதல் ஓடிக்கொண்டிருக்கும் வைகை எக்ஸ்பிரஸில் ஏறி, இரவு மதுரை போய்ச் சேர்ந்தோம்.

சித்திரை மாதத்து மதுரை வெயிலைப் பற்றி மதுரைக்காரர்களிடம் குறை சொல்லிவிட்டு யாரும் சௌகரியமாகத் திரும்பியதில்லை. "இதெல்லாம் ஒரு வெயிலா? இன்னும் அக்கினி நட்சத்திரம் முற்றவில்லையே!" என்பார்கள். இந்த வெயிலில் ஊருக்கு ஊர் ஜனங்கள் புறப்பட்டு, லட்சக்கணக்கில் ஓர் ஆற்றங்கரையில் வந்து கூடுகிறார்கள் என்றால், அதற்குக் காரணம் பக்தி மட்டும் அல்ல என்பது என் அபிப்பிராயம். அறுவடை முடிந்த குடியானவனுக்கு இதுதான் விடுமுறை. அவன் பெண்டு பிள்ளைகளுக்கு இதுதான் கொடைக்கானல்.

திருவிழாவை இப்படிக் குடும்ப விழாவாக அமைத்துக் கொடுத்த புகழ் 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கரைச் சேரும் என்று சொல்வார்கள். மீனாட்சி கல்யாணம் அதற்கு முன் மாசியில் நடந்து வந்தது. அழகரும் மதுரைக்கு வராமல், சோழவந்தான் பக்கத்துத் தேனூரில் ஆற்றில் இறங்கி வந்தார். நாயக்கர் இரண்டையும் சித்திரையில் ஒன்றாகச் சேர்த்துவிட்டாராம். மாமனும் மைத்துனனும் பேசாத வீட்டில் ஒரு கல்யாணத்தை வைத்து இருவரையும் கூட்டிவைப்பது நம் பெரியவர்களுக்குக் கைவந்த வித்தை. நாயக்கர் அதைச் சைவத்துக்கும் வைணவத்துக்கும் செய்து பார்த்திருக்கிறார்.

தங்கையின் கல்யாணத்துக்கு அண்ணன் தாமதமாக வந்து, கோபித்துக்கொண்டு ஆற்றோடு திரும்பிவிடுகிறார் என்பது பாமர ஜனங்கள் சொல்லும் கதை. மண்டூக மகரிஷிக்குச் சாபவிமோசனம் அளிக்க வருகிறார் என்பது கோயில் வரலாறு. ஏன் தாமதம் என்று என் பையன் கேட்டான். அழகர்கோயிலிலிருந்து மதுரை சுமார் இருபது கிலோமீட்டர். வழி நெடுக நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள். ஒவ்வொன்றிலும் நின்று, மரியாதையை ஏற்றுக்கொண்டு வரவேண்டும். கள்ளந்திரி, அப்பன் திருப்பதி, கடச்சனேந்தல் என்று ஊர் ஊராக அவர் நின்று வரும் வேகத்தைப் பார்த்தால், யாராய் இருந்தாலும் முகூர்த்தத்தைத் தவறவிடத்தான் வேண்டும்.

அத்தையின் வீடு தல்லாகுளத்தில் ஒரு சந்தில் இருக்கிறது. பந்தல் அழகர்கோயில் சாலையின் ஓரத்தில், ஒரு வேப்பமரத்து நிழலில். நாலு மூங்கில், மேலே தென்னங்கீற்று, கீழே ஆற்று மணல் பரப்பி அதன்மேல் ஆறு பெரிய மண்பானைகள். பானையைச் சுற்றி ஈரத்துணி. உள்ளே ஒரு முடிச்சு வெட்டிவேர். மண்பானையின் நுண்ணிய துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாகும்போது, உள்ளே இருக்கும் நீரின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. காற்று எவ்வளவு வறண்டு அடிக்கிறதோ அவ்வளவுக்கு நீர் குளிரும். ஆகையால்தான் கடற்கரைப் பட்டணத்தின் புழுக்கத்தில் சோம்பி நிற்கும் பானை, மதுரையில் ஐஸ் பெட்டியோடு போட்டி போடுகிறது. இதை என் பெண்ணுக்கு விஸ்தாரமாக விளக்கினேன். "சரி அப்பா, இப்போது அந்த எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள்" என்றாள்.

எங்களுக்கு விதிக்கப்பட்ட வேலைகள் கொஞ்சநஞ்சமல்ல. மோருக்கு இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் எல்லாம் இடித்துச் சேர்க்க வேண்டும். பானகத்துக்கு வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, சுக்கும் ஏலக்காயும் பொடித்துப் போட்டு, எலுமிச்சைச் சாறு விட வேண்டும். மோர் தடித்தால் தாகம் தீராது. நீர்த்தால் ஜனங்கள் முகத்தைச் சுளிப்பார்கள். ஒரு பங்கு தயிருக்கு ஏழு பங்கு தண்ணீர் என்பது அத்தையின் சட்டம். அந்தச் சட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவர என் மனைவி முயன்று தோற்றுப்போனாள்.

தண்ணீர்ப் பந்தல் நம் நாட்டில் நேற்று முளைத்ததல்ல. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் இதற்காக நிலம் விட்ட செய்திகள் உண்டு. பெரிய புராணத்தில், திங்களூர் அப்பூதி அடிகள் வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்து, அதற்குத் தம் பெயரை வைக்காமல், தாம் நேரில் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரை எழுதி வைத்தார். அந்த வழியே வந்த நாவுக்கரசரே அதைப் பார்த்து, "உம் பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை எழுதியது ஏன்?" என்று கேட்டதாக வரலாறு. இன்று அப்பர் பெருமான் மதுரைச் சாலையில் நடந்து வந்தால் அப்படி ஒரு கேள்வி கேட்கச் சந்தர்ப்பமே இராது. சில பந்தல்களில் பானை ஒன்று இருக்கும். அதற்குமேல் உபயதாரரின் திருவுருவப் படங்கள் ஆளுயரத்துக்கு ஏழெட்டு இருக்கும். படத்தைப் பார்த்தே தாகம் தீர வேண்டும் போலும்!

அத்தையின் பந்தலில் படம் இல்லை. காகிதக் கோப்பையும் இல்லை. பிளாஸ்டிக் பொட்டலமும் இல்லை. பன்னிரண்டு டஜன் எவர்சில்வர் டம்ளர்கள் இருந்தன. குடித்து வைத்ததை வாளியில் போட்டுத் தேய்த்துக் கழுவும் இலாகா என் பையனுடையது. தண்ணீர் சம்பந்தப்பட்ட வேலையாகையால் அவன் ஆட்சேபிக்கவில்லை.

மே 11ஆம் தேதி எதிர்சேவை. அழகரை எதிர்கொள்ள ஜனங்கள் சாரி சாரியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கருப்பசாமி வேஷம் தரித்து, உயரமான குல்லாயும் ஜிகினாச் சட்டையுமாக, தோலினால் செய்த துருத்தியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆடி வருபவர்கள் ஒரு பக்கம். செம்பு நிறையச் சர்க்கரையை நிரப்பி, வாழை இலையால் வாயைக் கட்டி, மேலே சூடம் ஏற்றி ஏந்தி வரும் பெண்கள் ஒரு பக்கம். அப்பாவின் தோளில் உட்கார்ந்துகொண்டு ஊதலை ஊதும் குழந்தைகள் எல்லாப் பக்கமும். துருத்திக்காரர் ஒருவர் எங்கள் பந்தலில் மோர் குடித்துவிட்டு, கைம்மாறாக என் பையன்மேல் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டுப் போனார். அன்று முதல் அவன் பார்வையில் உலகத்தில் அவரைவிடப் பெரிய மனிதர் கிடையாது.

எங்களுக்குச் சற்றுத் தள்ளி முஸ்லிம் வாலிபர்கள் சிலர் ரோஸ்மில்க் வழங்கிக்கொண்டிருந்தார்கள். மாலையில் எங்கள் சர்க்கரை தீர்ந்துபோயிற்று. அவர்களிடம் ஐஸ் கட்டி தீர்ந்துபோயிற்று. பண்டமாற்று நடந்தது. வண்டியூரில் அழகர் தங்கும் இரவுக்குத் துலுக்க நாச்சியார் கதையைச் சொல்லும் ஊரில் இது அதிசயம் அல்ல என்று அத்தை சொல்லிவிட்டாள்.

ஏறக்குறைய ஐந்து மணிக்கு ஒரு பெரியவர் வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நடந்து வருவதாகச் சொன்னார். என் பெண் டம்ளரில் மோரை நிரப்பி நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை. கொஞ்சம் பின்னால் நகர்ந்து, முதுகைக் குனிந்து, இரண்டு கைகளையும் சேர்த்து வாய்க்கு நேரே ஏந்திக்கொண்டு நின்றார். ஊற்றச் சொல்கிறார்!

குழந்தைக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குப் புரிந்தது. அந்தக் கைகள் சிறு வயதில் அப்படி ஏந்தப் பழக்கப்பட்ட கைகள். ஒரு காலத்தில் தர்மத்துக்கு வைத்த பந்தல்களிலும்கூடச் சிலருக்குப் பாத்திரத்தில் தண்ணீர் உண்டு. சிலருக்குத் தூரத்தில் நின்று கையேந்தினால்தான் தண்ணீர். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஸ்ரீ வைத்தியநாதய்யர் ஹரிஜன அன்பர்களை அழைத்துக்கொண்டு நுழைந்தது 1939ஆம் வருஷம் ஜூலை 8ஆம் தேதி. தீண்டாமையை அரசியல் சட்டம் ஒழித்தது 1950இல். சட்டப் புத்தகத்திலிருந்து ஒரு வழக்கத்தை அடித்துவிடலாம். ஒரு கிழவரின் முதுகெலும்பிலிருந்து அதை எடுப்பதற்கு எத்தனை வருஷம் வேண்டும்?

அத்தை எழுந்து வந்தாள். குழந்தையின் கையிலிருந்த டம்ளரை வாங்கி, பெரியவருடைய கையைப் பிடித்து அதில் வைத்தாள்.

"அண்ணே, பிடிங்க. எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கீங்க? இந்த பெஞ்சியில் உட்கார்ந்து ஆற அமரக் குடிங்க" என்றாள்.

பெரியவர் டம்ளரையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெஞ்சியின் ஓரத்தில் உட்கார்ந்தார். இரண்டாவது டம்ளரை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். மூன்றாவதின்போது, "பாப்பா, உப்பு ஒரு கல்லு கம்மி" என்று குற்றமும் சொன்னார். அத்தைக்கு உண்டான சந்தோஷத்தை வர்ணிக்க முடியாது.

இரவு என் பெண் அந்தக் கையேந்தலைப் பற்றிக் கேட்டாள். தெரிந்ததைச் சொன்னேன். நெடுநேரம் தூங்காமல் புரண்டுகொண்டிருந்தாள்.

மறுநாள், மே 12ஆம் தேதி, சித்ரா பௌர்ணமி. ஆண்டாள் சூடிக் கொடுத்த மாலையை அணிந்து, தங்கக் குதிரையில் ஏறி, அழகர் விடியற்காலையில் ஆற்றுக்குப் புறப்பட்டார். 2022ஆம் ஆண்டில் ஆற்றங்கரை நெரிசலில் இருவர் உயிரிழந்தது நினைவில் இருந்ததால், குழந்தைகளை மணலில் இறக்குவதில்லை என்று முன்னமே தீர்மானித்திருந்தோம். 1889இல் கட்டி முடித்த ஆல்பர்ட் விக்டர் பாலத்துக்குப் பக்கத்தில், தெரிந்தவர் வீட்டு மொட்டை மாடியில் இடம் சொல்லி வைத்திருந்தது. என்ன நிறப் பட்டு உடுத்தி வருவார் என்று பையனுக்கும் பெண்ணுக்கும் பந்தயம். பச்சையானால் அந்த வருஷம் நாடு செழிக்கும் என்பது ஜனங்களின் நம்பிக்கை.

புறப்படும் சமயத்தில், பந்தலின் பானைகளுக்கு நடுவில் மூன்று வயசுப் பையன் ஒருவன் உட்கார்ந்து அழுவதைக் கண்டோம். மொட்டைத் தலையில் சந்தனம். பெயர் கேட்டால் "தம்பி" என்கிறான். ஊர் கேட்டால் "வீடு" என்கிறான். நான் போலீஸ் உதவிக் கூடாரத்துக்கு ஓடினேன். ஒலிபெருக்கியில் அடையாளம் சொல்லிவிட்டு, குழந்தையை அங்கே கொண்டுவரச் சொன்னார்கள். அவனோ என் பெண்ணின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறான். "நீங்கள் மாடிக்குப் போங்கள், அப்பா. நான் இவனோடு கூடாரத்தில் இருக்கிறேன், அத்தைப் பாட்டி துணைக்கு இருக்கிறாள்" என்றாள். பந்தயம் கட்டியிருந்தவள் அவள்தான். பட்டணத்திலிருந்து வந்தது இந்த ஒரு நிமிஷத்துக்காக என்று இரண்டு நாளாய்ச் சொல்லிக்கொண்டிருந்தவளும் அவள்தான்.

நானும் மாடிக்குப் போகவில்லை. மனைவியும் பையனும் போனார்கள். கூடாரத்தில் உட்கார்ந்து, சர்க்கரைச் செம்பில் மிஞ்சிய பொட்டுக்கடலையை ஒவ்வொன்றாக அவன் வாயில் போட்டு, அவள் அழுகையை நிறுத்தினாள். ஆற்றுப் பக்கத்தில் திடீரென்று "கோவிந்தா!" என்ற கோஷம் வானத்தைப் பிளந்தது. அழகர் இறங்கிவிட்டார் என்று தெரிந்துகொண்டோம். அவள் ஒரு தடவை அந்தத் திசையில் எட்டிப் பார்த்தாள். முன்னால் ஜனங்களின் முதுகுதான் தெரிந்தது.

முக்கால் மணி கழித்துத் தாயார் வந்தாள். தலைமுடி அவிழ்ந்து, செருப்பில்லாமல், வாய் பேச முடியாமல் வந்து, பையனை அள்ளிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் சென்ற பிறகு என் பெண்ணின் தலையை இழுத்து முத்தமிட்டாள். கூடாரத்தில் இருந்த போலீஸ்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

"என்ன பட்டு?" என்று, திரும்பி வந்த தம்பியிடம் அவள் கேட்டாள்.

"பச்சை! நீதான் ஜெயித்தாய்" என்று அவன் சற்றுத் துக்கத்தோடு ஒப்புக்கொண்டான்.

பகல் பன்னிரண்டு மணிக்குள் மோர் முழுவதும் தீர்ந்துவிட்டது. ஜனவெள்ளம் ராமராயர் மண்டபத்துப் பக்கம் தீர்த்தவாரிக்குத் திரும்பியதும் சாலை காலியாயிற்று. காலியான சாலை முழுவதும் பிளாஸ்டிக் கோப்பைகள். நீரை வழங்குகிற தர்மவான்கள் குப்பையையும் சேர்த்தே வழங்கிவிட்டுப் போகிறார்கள். அது வடிகால் வழியே போய்ச் சேருகிற இடம் அழகர் இறங்கிய அதே வைகை. நாங்களும் ரோஸ்மில்க் வாலிபர்களுமாக எங்கள் பகுதியைக் கூட்டி, பதினொரு கோணிகள் கட்டினோம். என் மனைவி இந்த வேலையில் எல்லோரையும் அதிகாரம் செய்தாள். மோர்ச் சட்டத்தில் தோற்றதற்கு அது ஈடாயிற்று.

சாயங்காலம் அத்தை டம்ளர்களை எண்ணி அடுக்கினாள். நூற்று நாற்பத்து நான்குக்கு மூன்று குறைந்தது. பையன் தன் இலாகாவின் மானம் போய்விட்டதென்று மறுபடி மறுபடி வாளிகளைக் கவிழ்த்துத் தேடினான்.

"விடுடா கண்ணு. எந்த வீட்டிலாவது தண்ணீர் குடிக்கத்தானே இருக்கும்" என்று சொல்லிவிட்டு அத்தை, அடுத்த வருஷத்துக்கு ஒரு டஜன் அதிகம் வாங்க வேண்டும் என்று காலண்டரின் பின்பக்கத்தில் எழுதச் சொன்னாள். பெண் எழுதினாள். அதற்குக் கீழே, யாரும் சொல்லாமலே, "உப்பு ஒரு கல் கூட" என்றும் எழுதி வைத்தாள்.